பார்த்துக்கொண்டு நின்றேன்

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் ட்ரேசி என்னை அலுவலக அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். ட்ரேசி எங்கள் முதியோர் இல்லத்தின் மேலாளர். விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வரக் கூடாது. இல்லத்துக்குள் நுழையக் கூடாது. கூட வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"இது தண்டனை இல்லை, சுகி. நடைமுறை," என்றாள். இங்கே எல்லோருக்கும் நான் சுகி. சுகிர்தா என்பது பாஸ்போர்ட்டில் மட்டும்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் மாடிக் கூடத்தில் வால்டர் விழுந்தார். எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஆம்புலன்ஸ் போன கையோடு என்னை உட்காரவைத்து, நடந்ததை எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து இந்தக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ஐ வாட்ச்ட் ஹிம் ஃபால்.

அவர் விழுந்ததைப் பார்த்தேன். அதைத்தானே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைக் காலி செய்து, தட்டுகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

இந்த வீடும் கம்பெனியுடையது. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நான். இன்னொன்றில் ப்ரின்ஸி, கொல்லத்துப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அன்றைக்கு மாடிக் கூடத்தில் என்னோடு டூட்டியில் போடப்பட்டிருந்தவள் அவள்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

"சேச்சி, என்னைக் கூப்பிட்டு ட்ரேசி சொன்னாங்க. அந்தக் காரியம் பேசக் கூடாதுன்னு."

"எனக்கும் அதுதான் சொன்னா."

"பேசினா எனக்கும் லெட்டர் வரும்."

"பேச வேண்டாம் ப்ரின்ஸி. சாப்பிட்டியா?"

மீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். முள் எடுக்கிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிட்டது. இந்த வருஷம் எதை விடுவது என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

மத்தியானம் அத்தான் வீடியோவில் கூப்பிடுகிற நேரம். ஊரில் அப்போது சாயங்காலம். பாளையங்கோட்டையில் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்து காபி குடித்துவிட்டுக் கூப்பிடுவார். அந்த நேரம் எனக்கு டூட்டியில் சாப்பாட்டு இடைவேளை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பேட்ஜையும் குத்திக்கொண்டேன். கீழே பைஜாமாதான்.

"ரொம்ப வேலையா?" என்று கேட்டார்.

"எப்பவும் போலத்தான் அத்தான்."

எங்கள் மகள் பிளெஸ்ஸி போனைப் பிடுங்கித் தன் சயின்ஸ் ப்ராஜெக்டைக் காட்டினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் வரும்போது என் தோளுக்கு இருந்தாள். இப்போது எதுவரை இருப்பாள் என்று போனில் தெரிவதில்லை.

பேசி முடித்து, யூனிஃபார்மைக் கழற்றி மடித்து வைத்தேன். பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. கடைக்குப் போகலாம். ஆனால் அங்கே எங்கள் இல்லத்தில் இருப்பவர்களின் மகனோ மகளோ எதிரே வருவார்கள், நலமா என்பார்கள். பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போகலாம். போய்? என் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டின் செங்கல் சுவர். மழை பெய்தால் அது கறுக்கிறது, காய்ந்தால் சிவக்கிறது.

இன்னொரு இடத்தில் வேலை தேடவும் முடியாது. என் விசா இந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அவர்கள் கையை எடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் நாட்டைவிட்டே போக வேண்டும். போய், ஊரில் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியில் நின்றால் இடம் கொடுப்பார்களா? முதியவரை விழவிட்டவள் என்று ஒரு தாள் கூடவே வருமே.

பிப்ரவரி 19, திங்கள்

ப்ரின்ஸி நர்ஸ் பதிவுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள். இன்று மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காரியத்தைப் பேசக் கூடாது. இலக்கணம் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"ப்ரின்ஸி, ஸீ, வாட்ச், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுல போட்டிருக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தையும் புரட்டவில்லை.

"ஸீன்னா கண்ணு திறந்திருந்தா போதும், சேச்சி. தன்னால படும். லுக்னா நாமளாத் திரும்பிப் பார்க்கிறது. வாட்ச்னா..." கொஞ்சம் நிறுத்தினாள். "வாட்ச்னா ஒண்ணு நடந்துட்டிருக்கு, அது முடியிறவரை பார்த்துட்டே இருக்கிறது. டிவி, கிரிக்கெட் மேட்ச்."

"டிவி."

"ஆமாம் சேச்சி. சும்மா இருந்து பார்க்கிறது."

வெங்காயம் நல்ல காரம். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

அப்படியென்றால் நான் எழுதியதை அவர்கள் இப்படி வாசித்திருக்கிறார்கள்: வால்டர் விழுவதை நான் டிவி பார்ப்பதுபோல் நின்று பார்த்தேன். ஊரில் பார்ப்பதற்கு ஒரு சொல் போதும். வேலையும் பார்க்கிறோம், வழியும் பார்க்கிறோம், நோயாளியையும் பார்க்கிறோம். அம்மாவைப் பார்த்துக்கோ என்றால் வேடிக்கை பார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

ப்ரின்ஸி இன்று சீக்கிரம் வந்தாள். கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள். புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். அது மூடியே இருந்தது.

"சேச்சி, டைன்னு சொல்றதும் பாஸ் அவேன்னு சொல்றதும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். பாஸ் அவேன்னா காலமானார் மாதிரி, கொஞ்சம் மரியாதை."

"அப்போ ஒரு ஆளுக்கு, நல்ல ஆளுக்கு, பாஸ் அவேன்னுதான் சொல்லணும் அல்லே?"

"ஆமா."

"இன்னைக்குக் காலையில," என்றாள். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அடுப்பை அணைத்தேன். அவள் முதுகில் கை வைத்தேன். அழுகை எனக்கு வரவில்லை. வால்டர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் கையில் இரண்டு குப்பைப் பைகளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்தார். உட்காருங்கள், விழுந்துவிடுவீர்கள் என்று அன்றைக்கும் சொன்னேன்.

மார்ச் 1, வெள்ளி

விசாரணை 12ஆம் தேதி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டும் என்று டிக் செய்து அனுப்பினேன். இவ்வளவு நாள் இங்கிலீஷில்தான் வேலை செய்தேன். இனி அதை நம்ப முடியவில்லை.

மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து காலின் போன் செய்தார். பணியாளர் விவகாரங்களைக் கவனிப்பவர். மெதுவாகவும் அன்பாகவும் பேசினார்.

"சுகி, இங்கிலீஷ் உங்கள் தாய்மொழி இல்லை. பதற்றத்தில் எழுதியது. ஐ சா, கண்டேன், என்று எழுத வேண்டிய இடத்தில் வாட்ச்ட் என்று எழுதிவிட்டீர்கள், இல்லையா? அந்த மூதாட்டி டோரீனைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். சத்தம் கேட்டு நிமிர்ந்தீர்கள். அவர் விழுவது கண்ணில் பட்டது. அவ்வளவுதானே?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்படிச் சொன்னால் ஒரு மொழிப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் சிக்கல் இல்லை. யோசியுங்கள்."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதில் இருந்தது. கதவு திறந்திருக்கிறது, தலையைக் குனிந்து வந்தால் போதும் என்கிற குரல்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று அத்தான் வழக்கமான நேரத்துக்கு முன்பே கூப்பிட்டார். யூனிஃபார்ம் போட நேரமில்லை. கேமராவை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"ஏளா, படத்தப் போடு."

"நெட் சரியில்ல அத்தான்."

"நீ வேலைக்குப் போவல. எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லண்டாம். டூட்டியில இருக்கேன்னு சொல்லுத. பின்னால தெனமும் அதே ஜன்னல், அதே செவரு. ஒரு பெரியவரு இருமுத சத்தம்கூட இல்ல. என்ன நடந்துச்சு?"

சொன்னேன். காலின் சொன்னதையும் சொன்னேன். ஊரில் எங்கோ கோழி கத்தியது.

"அவிய சொல்லுத மாதிரியே சொல்லிரு சுகிர்தா. எழுதும்போது தப்பிப்போச்சுன்னு சொல்லிட்டு வேலையப் பாரு. ஒரு வார்த்தைதான."

"ஒரு வார்த்தைதான் அத்தான்."

"பொறவு என்ன? பிளெஸ்ஸிய அங்க கூப்பிடணும்னு எவ்வளவு ஆசையா இருந்த."

"ஆமா."

"நீ என்னத்தையோ மறைக்க. எங்கிட்ட சொல்லண்டாம். ஆனா அங்க போயி ஒளறிராத."

படத்தைப் போட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போன," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 7, வியாழன்

காலின் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். ஐ சா ஹிம் ஃபால். சரியான வாக்கியம். ஒரு பிழை இல்லை.

வாட்ச்ட் என்றால் அடுத்த கேள்வி வரும். பார்த்துக்கொண்டு நின்றாயே, ஏன் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை? என் இரண்டு கையிலும் டோரீன் இருந்தார். டோரீனைத் தூக்க இரண்டு பேர் வேண்டுமே, நீ ஏன் தனியாகத் தூக்கினாய்? இரண்டாவது ஆள் எங்கே? கீழ்த்தளத்தில் ஆள் வரவில்லை என்று ட்ரேசி ப்ரின்ஸியைக் கீழே அனுப்பியிருந்தாள். மேலே ஒருவர் போதும் என்றாள். டோரீன் நனைந்த உடையோடு அழுதுகொண்டிருந்தார். காத்திருந்து பார்த்தேன். பெல் அடித்தேன். யாரும் வரவில்லை. தூக்கினேன். தனியாகத் தூக்குவது விதிப்படி பெரிய குற்றம்.

சா என்றால் இந்தக் கேள்விகள் எதுவும் இல்லை. ட்ரேசிக்கும் நல்லது, காலினுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அன்றைக்கு மாடியில் இருந்ததாக எழுதிக் கொடுத்திருக்கும் ப்ரின்ஸிக்கும் நல்லது.

வால்டர் ஏன் எழுந்தார் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கட்டும்.

மார்ச் 11, திங்கள்

நாளைக்கு. வெள்ளைச் சுடிதாரை இஸ்திரி போட்டேன். சா என்று சொல்லப்போகிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் காலினும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மார்கரெட் என்ற நரைத்த அம்மாளும். அவர்தான் முடிவெடுப்பவர். என் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சிவரூபி அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் என்னைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ," என்றார். நேரில் ஒருவர் வாயிலிருந்து மலையாளம் கலக்காத முழுத் தமிழ் வாக்கியம் கேட்டு வெகுநாள் ஆகிவிட்டது.

காலின் கேட்டார். கேள்வி எனக்கு இங்கிலீஷிலேயே புரிந்தது. சா என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. அதற்குள் சிவரூபி அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவர் விழேக்க நீங்கள் கண்டனீங்களோ, இல்லாட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ எண்டு கேக்கினம்."

இங்கிலீஷில் கேட்டபோது அவை இரண்டு சொற்கள். எதைச் சொன்னால் வேலை, எதைச் சொன்னால் ஊர் என்று மட்டும் தெரிந்த இரண்டு சொற்கள். தமிழில் கேட்டதும் அந்தக் கூடம் வந்துவிட்டது. டோரீனின் ஈர உடை என் வயிற்றில் ஒட்டிய சில்லிப்பு வந்துவிட்டது.

"பாத்துக்கிட்டுதாம்மா நின்னேன்," என்றேன்.

அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "நான் அப்பிடியே சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். காலின் தாளைப் பார்த்தார். மார்கரெட் என்னைப் பார்த்தார். "ஏன் நின்றீர்கள்?" என்றார்.

பிறகு நான் நிறுத்தவில்லை. தமிழில்தான் சொன்னேன். தனியாகத் தூக்கினேன் என்று சொன்னேன். டோரீனைப் பாதி எழுப்பியபோது அவர் முழங்கால் மடங்கிவிட்டது. முழுப் பாரமும் என் கையில். எதிர் நாற்காலியில் வால்டர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் திணறுவதைப் பார்த்துவிட்டார். கோப்பையைக் கீழே வைத்தார். "ஹேங் ஆன், சுகி, ஐ ஆம் கமிங்," பொறு, இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கைத்தடியை எடுக்கவில்லை.

உட்காருங்கள் வால்டர் என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். கம்பளத்தின் ஓரத்தில் கால் இடறியது. அவர் சாய்வது எனக்குத் தெரிந்தது. நான் ஒரு கையை எடுத்திருந்தால் டோரீன் கீழே விழுந்திருப்பார். எடுக்கவில்லை. அவர் என்னையே பார்த்தபடி சாய்ந்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. தரையில் விழும்வரை எடுக்கவில்லை. அதனால் வாட்ச்ட் என்று எழுதினேன். அர்த்தம் தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் அதுதான் நடந்தது.

எனக்கு உதவி செய்ய எழுந்துதான் அவர் விழுந்தார். இந்த நோட்டில்கூட இதுவரை இதை நான் எழுதவில்லை.

சிவரூபி அம்மா வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இரண்டாவது பணியாளர் எங்கே?" என்று மார்கரெட் கேட்டார்.

"நான் தனியா இருந்தேன்," என்றேன். அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் அதையே சொன்னேன்.

மார்ச் 13, புதன்

ப்ரின்ஸியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. என் துணிகளையும் சேர்த்து மெஷினில் போட்டாள்.

மார்ச் 15, வெள்ளி

ப்ரின்ஸி இன்று டூட்டி இல்லாத நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றாள். இதுவரை உள்ளே வந்ததில்லை.

"சேச்சி, நான் கீழ்த்தளத்துலதான் இருந்தேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். முதல்ல எழுதினது ட்ரேசி சொல்லி எழுதினது. அதையும் எழுதிட்டேன்."

"உன் பரீட்சை, விசா எல்லாம் இருக்கே ப்ரின்ஸி."

"அறியில்ல சேச்சி. இனி ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்."

கட்டிலில் இடம் விட்டேன். உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மார்ச் 21, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. கவனக்குறைவால் ஒருவரை விழவிட்டேன் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. தனியாகத் தூக்கியதற்கு எழுத்து மூலமான எச்சரிக்கை, ஒரு வருஷத்துக்கு. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். ட்ரேசி விடுப்பில் இருக்கிறாளாம். எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ப்ரின்ஸிக்கும் ஓர் எச்சரிக்கை.

அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒளறாதன்னு சொன்னேன்," என்றார். பிறகு, "சரி. நல்லாத் தூங்கு," என்றார்.

தூக்கம் வரவில்லை. அதே கூடம், அதே கம்பளம், அதே விசா. வேறிடம் போக இன்றைக்கும் வழியில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. வாசலில் வால்டரின் மகள் ஹெலன். அறுபது வயது இருக்கும். ஞாயிறுதோறும் இல்லத்துக்கு வந்து அப்பாவின் நகங்களை வெட்டிவிடுவார். விசாரணையில் நான் சொன்னதைக் கம்பெனி அவருக்கு அனுப்பியிருக்கிறது. வேறெங்கோ இன்னும் பெரிய புகார் ஒன்று கொடுக்கப்போகிறாராம். அதற்காக வரவில்லை என்றார்.

சமையலறையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எதற்கு என்று தொடங்கத் தெரியவில்லை.

"தாளில் படித்தேன்," என்றார். "அவர் பேசியதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். அவர் சொன்ன மாதிரியே."

"ஹேங் ஆன், சுகி, ஐ ஆம் கமிங்."

"சுகி என்றா சொன்னார்? பெயரைச் சொன்னாரா?"

"ஆமாம்."

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷமாக அவருக்கு என் பெயர் ஞாபகம் வரவில்லை," என்றார். "நகம் வெட்டுகிற பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லுவார்."

எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழுந்து தீயைக் குறைத்துவிட்டு வந்தேன்.

ஹெலன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்தத் தடவை பெயர் இல்லாமல்."

நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெயரை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: ஹேங் ஆன், ஐ ஆம் கமிங்.